மதிலுக்கு அந்தப் பக்கம் 200 மீட்டர்

எங்கள் வீட்டிலிருந்து 200 மீட்டரில், தாமானின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம், ஒரு மளிகைக் கடை இருக்கிறது. ஆனால், பாட்டி அங்கே நடந்து போக ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும். தாமானுக்கு ஒரே வாசல். அதுவும் பெரிய சாலையில் திறக்கிறது.

பூச்சோங்கிற்கு வருமுன் பாட்டி பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்தார். ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய தெருக்கள் வழியாகக் கோயிலுக்கும் கடைக்கும் தோழி வீட்டுக்கும் தனியாகவே போய்வருவார். இப்போது அப்பாவின் காருக்காகக் காத்திருக்கிறார்.

காரணம் என் நகரமைப்புப் பாடத்தில் புரிந்தது. நகரம் வளரும்போது பரப்பளவு மட்டும் கூடுவதில்லை; தெருக்கள் இணையும் விதமும் மாறுகிறது. பழைய பகுதிகள் நடப்பவர்களை நம்பி உருவானவை; அங்கே சந்திப்புகள் நெருக்கமாக இருக்கும். ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த பூச்சோங் போன்ற புறநகர்களோ காரை நம்பி வளர்ந்தவை. ஒவ்வொரு மேம்பாட்டாளரும் தம் நிலத்துக்குள் மட்டும் தெரு போட்டால், பக்கத்துத் தாமானுடன் இணைப்பு இருக்காது. முட்டுச்சந்துகள்தான் மிஞ்சும்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. பேரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளின் தெருக்களை ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 90 விழுக்காட்டு நாடுகளில், 1975 முதல் புதிய குடியிருப்புகளின் தெரு இணைப்பு குறைந்து வந்துள்ளது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவின் தடத்தை மாற்றுவது அரிது.

எங்கள் மதிலில் முன்பு ஒரு சிறு கதவு இருந்தது. வழிப்பறிக்குப் பிறகு அதை அடைத்துவிட்டார்கள். அடைக்கச் சொல்லிக் கையெழுத்திட்டவர்களில் அப்பாவும் ஒருவர்.

பாடத்துக்காக வரைந்த வரைபடத்தை வீட்டில் காட்டினேன். 1,500ஐ 200ஆல் வகுத்தால் 7.5.

“ஏழரைச் சனி நம்ம மதில்லயே உட்கார்ந்திருக்கு!” என்றார் பாட்டி.

அப்பா சிரிக்கவில்லை. “திறந்து, மறுபடியும் திருடன் வந்தா?” என்றார். அவர் அச்சம் நியாயமானது. என்னிடம் பதில் இல்லை.

“பகல்ல மட்டும் திறக்கலாமேப்பா” என்றார் பாட்டி.

அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்தில் அதைக் கேட்டுப் பார்ப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். வரைபடத்துடன் நானும் போகிறேன்.

நீங்களும் கைப்பேசியில் அளந்து பாருங்கள்: பக்கத்துக் கடைக்கு நடக்கும் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுங்கள். உங்கள் வீட்டுக்கு எத்தனை?