இறகுக்குள் ஓர் உலகம் – 9
குஞ்சின் வாலடியில் ஒரு பை

“சொட்டு மருந்து விட்டும் வெள்ளைக்கழிச்சல்ல போயிடுச்சுங்க.” மணப்பாறை, லால்குடிப் பக்கம் கோழி வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற வார்த்தை இது. மருந்து குளிர்ச்சி கெட்டுப் போயிருக்கலாம். ஆனால், மருந்தை ஏற்றுப் பதில் சொல்ல வேண்டிய செல்கள் அந்தக் குஞ்சுக்குள் வளர்ந்திருந்தனவா என்று நாம் கேட்பதே இல்லை.

அந்தச் செல்கள் வளர்வது எச்சவாய்க்கு மேல்புறம் ஒட்டியிருக்கும் சிறிய பையில். அறுத்துப் பார்த்தால் வெளிறிய உருண்டை. உள்ளே நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக இருக்கும். இத்தாலியின் உடற்கூறியல் அறிஞர் ஃபேப்ரீசியஸ் விவரித்ததால் ஃபேப்ரீசியஸ் பை என்று பெயர். ஸ்ரீரங்கம் கோபுரப் பொந்துக் கிளிக்குஞ்சுக்கும், கொள்ளிடத்தின் மேல் வட்டமிடும் செம்பருந்தின் குஞ்சுக்கும் அது உண்டு. நமக்குக் கிடையாது, நம் எலும்பு மஜ்ஜை அந்த வேலையைச் செய்கிறது.

முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது எதற்கென்றே தெரியவில்லை. அமெரிக்காவின் ஓஹியோவில் ஆய்வு மாணவர் ப்ரூஸ் கிளிக் குஞ்சுகளிலிருந்து இந்தப் பையை அறுத்தெடுத்து ஆராய்ந்துவந்தார். வகுப்பில் எதிர்ப்புப் புரதம் ஊறுவதைக் காட்ட, சக மாணவர் திமோத்தி சாங் அவரிடம் கோழி வாங்கிப்போனார். கிருமிப் பொருளை ஊசியில் ஏற்றியும், பை இழந்த கோழிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புரதம் ஊறவில்லை. 1956-இல் கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் இது வெளியானது. மனித உடலிலும் எதிர்ப்புப் புரதத்துக்குக் காரணமான ‘பி செல்’லில் இருக்கும் ‘பி’ இந்தப் பையின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

அடைகாக்கும் 21 நாளில், ஏறக்குறைய 8 முதல் 14-ஆம் நாளுக்குள் முன்னோடிச் செல்கள் ரத்தத்தின் வழியே வந்து பைக்குள் குடியேறுகின்றன. அங்கே சுற்றியிருக்கும் திசு தரும் சைகைகள் இருந்தால்தான் அவை பெருகும். வெளியே எடுத்துவிட்டால் சீக்கிரமே மடிந்துவிடும். பொரித்த பிறகு இன்னொன்றும் வேண்டும்: குடலின் நுண்ணுயிரிகள். குஞ்சின் எச்சவாயில் ஒரு சொட்டு மையை வைத்தால், பை அதை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியுலகின் கிருமிகளை இப்படித்தான் அது உள்ளே இழுத்துத் தன் செல்களுக்குக் காட்டுகிறது. எச்சவாயிலிருந்து பைக்குப் போகும் பாதையைக் கட்டி அடைத்துவிட்டால் செல்களின் வளர்ச்சி குன்றுகிறது. பைக்குள் பிறக்கும் செல்களில் சுமார் 5 சதவிகிதமே உயிரோடு வெளியேறும். மற்றவை அங்கேயே மடியும். இந்தக் கண்டிப்பு என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கோழிக்குஞ்சுகளைத் தாக்கும் கம்போரோ நோயின் வைரஸ் கைவைப்பது சரியாக இந்தப் பையில்தான். பெருகிக்கொண்டிருக்கும் பி செல்களைத் தேடி அழிக்கிறது. முதலில் பை வீங்கி ரத்தப்புள்ளி காணும், பிறகு சுருங்கிவிடும். 3 முதல் 6 வாரக் குஞ்சில் சாவு கண்ணுக்குத் தெரியும். 3 வாரத்துக்கு முன்பே தாக்கினால் குஞ்சு நன்றாக இருப்பதுபோலவே தெரியும். பின்னால் போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி மட்டும் சரியாகப் பிடிக்காது. எனக்கு அதிகக் கவலை தருவது இந்தச் சத்தமில்லாத சேதம்தான்.

தாய்க்கோழி மஞ்சள் கருவில் கொடுத்தனுப்பும் எதிர்ப்புப் புரதம் முதல் சில வாரங்கள் பையைக் காக்கும். ஆனால் அதுவே கம்போரோ தடுப்பு மருந்தையும் முறித்துவிடும். ஆகவே தாய் தந்த காப்பு இறங்கி, வைரஸ் இன்னும் வந்துசேராத அந்த இடைவெளியைப் பிடித்து மருந்து விட வேண்டும். பெரும்பாலும் இரண்டாம் வாரத்தையொட்டி அது வரும். தாய்க்கோழிக்கு ஊசி போட்டிருந்தார்களா என்று குஞ்சு வாங்கும்போதே கேட்டுவையுங்கள். நாளைக் கணக்கிட மருத்துவருக்கு அது உதவும்.

(தொடரும்)