தாளம் தட்டு... பாடம் படி!

'பாடம்'னு இருக்கறதை 'படம்'னு படிக்கிற நாலாங்கிளாஸ் வாண்டு ஒண்ணு உங்க தெருவுலயும் இருக்கும் பாஸ். 'மக்கு'னு முத்திரை குத்தியாச்சுன்னா, அடுத்த வருஷம் அவன் வாயே திறக்க மாட்டான். அவன் கோட்டைவிட்டது ஒரே ஒரு துணைக்காலைத்தான். அந்தத் துணைக்காலுக்கு இன்னொரு பேர் இருக்கு... நேரம்!

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரை. மார்க்குக்காக மனப்பாடம் பண்ணோமே, அதேதான். கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம்தான் ஒரு மாத்திரைனு தொல்காப்பியர் அப்பவே ஸ்டாப்வாட்ச் இல்லாம அளந்து வெச்சுட்டார்.

இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் உஷா கோஸ்வாமியும் இந்த ஏரியாவுக்குத்தான் வர்றாங்க. பேசும்போது ஒவ்வொரு அசையும் அலை மாதிரி எழும்புது. டிஸ்லெக்சியா இருக்கிற குழந்தைகள் பல பேருக்கு அந்த எழுச்சியைப் பிடிக்கறதுலயே சிரமம்ங்கிறது அவங்க கருத்து. 2011-ல இதுக்கு அவங்க வெச்ச பேர் 'டெம்போரல் சாம்ப்ளிங்'. ஆமா, சிக்னல்ஸ் பேப்பர்ல நமக்கு வயித்தைக் கலக்குற அதே சாம்ப்ளிங்! தாளத்துக்குச் சரியா விரல் தட்டுற டீன்ஏஜ் பசங்க வாசிப்புலயும் தேறுறாங்கனு 2013-ல அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல நீனா க்ரௌஸ் குழு காட்டுச்சு.

நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசா என்ன? மார்கழியில ஸ்ரீரங்கம் கோயில் பகல் பத்து, ராப்பத்துல அரையர் சேவை பார்த்திருக்கீங்களா? கையில தாளம், வாயில பாசுரம். நாலாயிரத்தையும் தலைமுறை தலைமுறையா கரை சேர்த்ததுல அந்தத் தாளத்துக்கும் பங்கு உண்டு. திருச்சியில இசையையும் நடனத்தையும் சொல்லித்தர 1977-லயே கலைக்காவிரி வந்தாச்சு. 2022-ல தமிழக அரசு தொடங்கின 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துலயும் சின்ன வகுப்புகளுக்குப் பாட்டு, ஆட்டம்னு பாதி வேலை நடக்குது.

ஆனா ஒரு விஷயம். பாட்டை கடகடன்னு ஒப்பிக்கிறது வாசிப்பு ஆகாது. புத்தகத்தை மூடிட்டே ஒப்பிக்கிற பிள்ளைக்கு எழுத்து தெரியும்னு நம்பிடாதீங்க. தாளம் டிஸ்லெக்சியாவுக்கு மருந்தும் இல்ல. சந்தேகம் இருந்தா முறையா பரிசோதிக்கத்தான் வேணும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினதும் ஸீட் கம்பியில கானா தட்டுற கோஷ்டிதானே நாம? அந்தக் கையை கொஞ்சம் கடன் குடுங்க. விடு-வீடு, எடு-ஏடு, கொடு-கோடு... இப்படி ஜோடி ஜோடியா பெரிய எழுத்துல எழுதுங்க. குறில் வந்தா ஒரு தட்டு. நெடில் வந்தா தட்டிட்டு, கையை எடுக்காம அடுத்த தட்டு வரைக்கும் இழுக்கணும். இன்னொரு கை விரல் எழுத்து மேலயே நகரணும், அது முக்கியம். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வித்தியாசம் அப்போ கண்ணுலயும் படும், காதுலயும் விழும்.

தினம் பத்து நிமிஷம், டிபன்பாக்ஸ் மூடி ஒண்ணு. அவன் தப்பா தட்டினா சிரிக்காம நீங்களும் கூடவே இன்னொரு தடவை தட்டுங்க.