சக்கர வீட்டுக்கு ஒரு திண்ணை: கேரவன் பந்தலை நாமே தைக்கலாமா?

கேரவன்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது ஷூட்டிங் ஸ்பாட்ல நிக்கிற ஏசி வண்டிதான். இன்னிக்குப் பேசப்போறது அது இல்ல. இங்கிலாந்துல லீவு விட்டா குடும்பங்கள் காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன சக்கர வீடு. அதுக்கு இன்ஜின் கிடையாது. உள்ள படுக்கை, அடுப்பு, ஒரு மேசை, அவ்வளவுதான். மழை வந்தா நாலு பேரும் முட்டிக்கிட்டு உள்ளேயே உட்காரணும். அதனால வண்டியோட பக்கவாட்டுல ஒரு துணிப் பந்தல் இழுத்துக் கட்டுவாங்க. அதுதான் ஆனிங். நம்ம பாஷையில சொன்னா, வீட்டுக்கு ஒரு திண்ணை.

லீட்ஸ்ல இருக்கிற என் அத்தை பையன் ஒரு பழைய கேரவன் வாங்கினான். ஆனிங் விலை கேட்டா, வண்டிக்குக் கொடுத்த காசுல பாதி! உடனே எங்க அப்பாவுக்கு வீடியோ கால். அப்பா முப்பது வருஷமா டெய்லர். "மாமா, நானே தைச்சிடவா?" "தைக்கலாம் மாப்ள. ஆனா சட்டை கிழிஞ்சா மானம்தான் போகும், இது கிழிஞ்சா மண்டை உடையும். பாத்து செய்."

வண்டியில எப்படி மாட்டுறது?

கேரவனோட கூரை ஓரத்தை நல்லாப் பாத்தா ஒரு அலுமினியப் பள்ளம் ஓடும். அதுதான் ஆனிங் ரெயில். துணியோட விளிம்புல கேடர்னு ஒரு பட்டையைத் தைப்பாங்க. பட்டைக்குள்ள சுமார் 6 மி.மீ. தடிமன்ல ஒரு கயிறு இருக்கும். ரெயிலோட ஒரு முனையில அதை நுழைச்சு இழுத்தா, ஸ்க்ரீன் துணி மாதிரி வழுக்கிட்டே போகும். பள்ளத்தோட வாய் குறுகலா இருக்கிறதால கயிறு வெளிய வராது. கேடர் மீட்டர் கணக்குல கடையில கிடைக்கும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க ரெயிலை அளந்துக்கோங்க. வழுக்கலன்னா சிலிக்கான் ஸ்ப்ரே அடிங்க.

ரெயில் இல்லாத வேனா? கூரை மேல இருக்கிற கேரியர் கம்பியில துணியைச் சுத்தி வளையம் போட்டுக் கட்டலாம்.

துணியும் தையலும்

சாதாரண தார்பாய் மலிவுதான், ஆனா கனம், மடிச்சா முறுக்கிக்கும். பாலியூரிதேன் பூச்சு போட்ட பாலியஸ்டர் லேசா இருக்கும். அதுல 3000 மி.மீ.னு ஒரு நம்பர் போட்டிருந்தா, துணி மேல 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நிக்கிற அழுத்தத்தைத் தாங்கும்னு அர்த்தம்.

ஆனா ஒழுகுறது துணியில இல்ல, ஊசி போட்ட ஓட்டையில. அதனால அப்பா சொன்ன விஷயங்கள்:

ஒண்ணு, ஜீன்ஸ் கால்ல இருக்கிற மாதிரி ரெண்டு விளிம்பையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சு ரெட்டைத் தையல். மேல சீம் சீலர் தடவணும்.

ரெண்டு, துணியை ஒட்டுப் போடணும்னா, அந்தத் தையல் வண்டியில இருந்து வெளிப்பக்கமா, சரிவோட சேர்ந்து ஓடணும். குறுக்க ஓடினா தண்ணி அங்கேயே தங்கும்.

மூணு, பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் ஈரத்துல மக்கிடும்.

நாலு, கண்ணி அடிக்கிற மூலையில துணி மூணு மடிப்பு இருக்கணும். முழு இழுவையும் அங்கதான் விழும்.

முதல் பந்தல் ஏன் சாஞ்சது?

நம்ம ஆளு 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்துல அழகாத் தைச்சான். போட்டோவுல நல்லா இருக்கணும்னு லெவலாக் கட்டிட்டான். வேல்ஸ் கடற்கரையில ராத்திரி மழை. காலையில ஒரு கம்பு வளைஞ்சு, பந்தல் தரையில. முந்தின நாள் சாயங்காலம் அவன் பொண்ணு உட்கார்ந்து கலர் அடிச்ச அதே இடத்துல.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1 சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பெஞ்சா 1 லிட்டர். நம்ம பந்தல் 5 சதுர மீட்டர். 10 மி.மீ. மழை வழியாம தேங்கினா 50 லிட்டர், அதாவது 50 கிலோ. கல்யாண வீட்டு சாமியானாவுல தண்ணி தொங்கும்போது ஒருத்தர் கம்பால முட்டி விடுவாரே, அதே கதைதான். ராத்திரி முட்டி விட யாரு இருக்கா?

தீர்வு ரொம்ப சிம்பிள். வண்டிப் பக்கத்தை விட வெளிப்பக்கம் 40 செ.மீ. தாழ்வா இருக்கட்டும். மழை வரும்போல இருந்தா ஒரு மூலைக் கம்பை இன்னும் இறக்கிடுங்க. தண்ணி அந்த வழியாப் போயிடும்.

அடுத்தது காத்து. மணிக்கு 36 கி.மீ. காத்து 5 சதுர மீட்டர் துணியில நேரா மோதினா சுமார் 30 கிலோ தள்ளு விசை. காத்து ரெட்டிப்பானா விசை நாலு மடங்கு, 120 கிலோ! அதனால ஒவ்வொரு மூலைக்கும் ரெண்டு கயிறு, ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பக்கவாட்டுல. முளையை அடிக்கும்போது அதோட தலை பந்தலை விட்டு விலகிச் சாயணும். பலத்த காத்து வருதுன்னா வீரம் வேண்டாம், கழட்டி மடிச்சு வெச்சிடுங்க.

இதை மட்டும் மறக்காதீங்க

ரெண்டாவது பந்தல் நல்லா நின்னுச்சு. பக்கத்துக்கும் துணி தைச்சு மூடிட்டான். குளிருக்கு இதமா இருக்கட்டும்னு, சமைச்சு முடிச்ச கரி அடுப்பை உள்ள இழுத்து வெச்சான். பக்கத்து கேரவன்ல இருந்த ஒரு பெரியவர் பாத்துட்டு ஓடி வந்து, "முதல்ல அதை வெளிய எடுப்பா"ன்னு சத்தம் போட்டாராம்.

அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. தீ அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும், கனன்டுட்டு இருக்கிற கரி கார்பன் மோனாக்சைடை விட்டுட்டே இருக்கும். நிறம் இல்ல, வாசனை இல்ல. தலைவலி, மயக்கம், குமட்டல். தூங்கிட்டு இருக்கிறவங்களுக்கு அதுகூடத் தெரியாது, உயிரே போயிடும். பந்தலுக்குள்ள கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். வண்டியோட காத்து ஓட்டைகளைத் துணியால மறைக்காதீங்க. உள்ள ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்க. ஆனிங்ல மிச்சம் பிடிச்ச காசுல அதை முதல்ல வாங்கலாம்.

போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தான். பந்தல் கொஞ்சம் கோணல்தான். அப்பா பாத்துட்டு, "சரிவு சரியா இருக்கு, தையல்தான் அலை அலையா ஓடுது"ன்னாரு. அவர்கிட்ட இருந்து அதுவே பெரிய பாராட்டு.