நோயாளியும் ஒரு வைத்தியரே

நேயர்களே, ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு அங்கங்கள் உண்டு என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. அவற்றுள் நோயாளி முதலிடம் பெறுவது கருதத்தக்கது. நீரிழிவைப் பொறுத்தவரை இவ்வரிசை முற்றிலும் பொருந்தும்.

ஏனெனில், இது சில நாளில் தணிந்துவிடும் காய்ச்சலன்று. உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை உடலின் உயிரணுக்களுக்குள் புகச் செய்வது, கணையத்தில் சுரக்கும் இன்சுலின். அது குறைந்தாலும், சரிவர வேலை செய்யாவிடினும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிக் கண், சிறுநீரகம், இருதயம், பாதம் ஆகியவற்றை ஓசையின்றிக் கெடுக்கிறது. வைத்தியர் நம்மைக் காண்பது ஆண்டில் சில முறை, சில நிமிஷங்கள். எஞ்சிய நாட்களெல்லாம் நம் பொறுப்பே. இதை உணர்ந்துதான் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜாஸ்லின், இன்சுலின் கண்டறியப்படுமுன்பே, 1918-இல், வைத்தியரும் நோயாளியும் ஒருங்கே பயன்படுத்தத்தக்க கையேடு ஒன்றை வெளியிட்டார். நம் நாட்டில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார்.

2023-இல் வெளியான ஆய்வொன்று இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டெனக் கணித்தது. கண்ணுக்கு ஓரிடம், காலுக்கு ஓரிடம் என்று அவர்கள் அலைந்தால் முழு உடலையும் பார்ப்பவர் யார்? பெங்களூரில் கர்நாடக அரசு இந்நோய்க்கென்றே தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது இக்குறையைப் போக்கத்தான்.

ஆயினும், பிற மாநிலத்தில் வாழும் நமக்கு வேறொரு சங்கடம் உண்டு. அல்சூரில் வசிக்கும் என் தமக்கையார் கோடையில் சொந்த ஊர் சென்றார். அங்கே ஒரு வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெங்களூர் வைத்தியரின் சீட்டை இவர் அவரிடம் காட்டவில்லை. திரும்பி வந்தபின் இரண்டு மாத்திரைகளையும் விழுங்கி வந்தார். ஒருநாள் கடைத்தெருவில் உடல் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுந்தார். பிறகு ஆராய்ந்தபோது, பெயர் இரண்டாயினும் மருந்து ஒன்றே என்பது தெரிந்தது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நான், என் வீட்டிலிருந்த சீட்டுகளைப் படித்துப் பாராதது இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்று முதல் அவர் பையில் ஒரு குறிப்பேடு உண்டு. மருந்தின் வணிகப் பெயரோடு உண்மைப் பெயர், வேளை, அளவு, இரத்தச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை, ஆண்டுக்கொரு முறை செய்யும் கண், சிறுநீர்ப் பரிசோதனைகள் யாவும் அதில் உள்ளன. எந்த ஊர் வைத்தியரிடமும் முதலில் அதையே நீட்டுகிறார். இரவுதோறும் பாதங்களில் புண் உண்டா என்று பார்க்கிறார். கேழ்வரகுக் களியும் மாவுப் பொருளே என்றறிந்து அளவோடு உண்கிறார். நடுக்கமும் வியர்வையும் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிஷம் கழித்து மீண்டும் சோதிக்கிறார். நாங்கள் அருகிருந்து பேணுகிறோம். ஆனால் குறிப்பேட்டை எழுதுவது அவர் கைதான்.

கன்னடத்தில் ‘சக்கரெ காயிலெ’ என்றாலும் தமிழில் சர்க்கரை வியாதி என்றாலும் நோய் ஒன்றே. அதை அடக்கியாளும் நால்வகைப் படையில் முதல் வீரர் நோயாளியே. நேயர்களே, உங்கள் இல்லத்திலும் அத்தகைய குறிப்பேடு ஒன்று இன்றே தொடங்கட்டும்.