தறி வீட்டுச் சுவருக்கு எந்த நிறம்?

கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியில், தறி போட்ட வீட்டுக்குச் சுவரின் நிறம் வெறும் அலங்காரமல்ல. குழித்தறியில் காலைப் பள்ளத்தில் இறக்கித் தரைமட்டத்தில் உட்கார்ந்து நெய்கிறவர், நெருங்கி நிற்கும் ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் அறுந்த ஒன்றைத் தேடிப் பிடித்து முடிய வேண்டும். அதற்கு ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதாது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் வேண்டும்.

பழைய சுண்ணாம்பு வெள்ளையையும், இப்போது பலர் விரும்பும் அடர்பச்சையையும் எடுத்துக்கொள்வோம். நல்ல வெள்ளை தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அடர்பச்சை 10 சதவீதம் அனுப்பினாலே பெரிது. வித்தியாசம் எட்டு மடங்கோடு நிற்பதில்லை. வெளிச்சம் சுவருக்குச் சுவர் மோதுகிறது அல்லவா? மூன்று முறை மோதிய பிறகும் வெள்ளை அறையில் பாதி மிஞ்சும். நான்கு சுவரும் பச்சையானால் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு.

(சுண்ணாம்பு அடித்த அன்று சுவர் மங்கலாகத்தான் தெரியும். காய்ந்ததும், துகள்களுக்கு நடுவே தண்ணீர் இருந்த இடத்தில் காற்று புகுந்து ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். மறுநாள் பளிச்சிடுவது அதனால்தான்.)

பச்சைச் சுவர் திருப்பி அனுப்பும் கொஞ்ச வெளிச்சமும் பச்சையே. அரக்கு நிறப் பட்டு அதை விழுங்கிவிடும். சுவரோரம் கருத்துத் தெரியும். கண்ணும் தன் பங்குக்கு ஏமாறும். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூலில் அழுத்தம் இல்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கடிக்கின்றன என்று கண்டுபிடித்தார். 1839இல் அதை விரிவான நூலாகவே எழுதினார். அருகருகே உள்ள நிறங்கள் தங்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் என்ற அந்த விதிப்படி, பச்சைப் பின்னணியில் சிவப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். ஆக, ஒரே பச்சைச் சுவர் அரக்கை ஒரு பக்கம் கருக்கும், இன்னொரு பக்கம் எடுப்பாக்கும். சாயம் போட்டு வந்த புது நூலைப் பழையதோடு ஒத்துப் பார்க்க அந்த அறை உதவாது.

படுக்கையறைக்குப் பச்சை அழகுதான், மறுக்கவில்லை. தறி நிற்கும் அறைக்கு வெள்ளையே சரி. அதிலும் பளபளப்பில்லாத வெள்ளை. மினுங்கும் பூச்சு ஜரிகையோடு சேர்ந்து கண்ணைக் கூச வைக்கும். கடையில் காட்டும் வண்ண அட்டையை நம்பி முடிவு செய்யாதீர்கள். சுவரில் இரண்டடிச் சதுரம் அடித்துக் காயவிட்டு, நெய்யப்போகும் நூலையே பக்கத்தில் பிடித்து, காலையில் ஒரு முறையும் விளக்குப் போட்ட பிறகு ஒரு முறையும் பாருங்கள்.