நாற்பதுக்கு மேல் இன்டீரியர் டிசைன்



"இந்த வயசுல போய் நான் எங்க கண்ணு புதுசா கத்துக்கறது?" போன வருடம் எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்ட கேள்வி இது. கேட்டவர் என் அம்மா. வயது 43. படிப்பு எட்டாம் வகுப்பு. ஓசூர் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் 14 வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். ஒரு நாள் அவர் வேலை செய்த லைனையே எடுத்துவிட்டார்கள். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற ஒரு வரியோடு 14 வருடம் முடிந்தது.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். சிவில் டிப்ளமோ. அம்மா சம்பளம் நின்றால் என் படிப்பு என்ன ஆகும் என்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கிறேன். அப்போதுதான் அம்மா, ஒரு அபார்ட்மெண்ட்காரம்மா கேட்டதற்காக ஜன்னல் ஸ்கிரீன் தைத்துக் கொடுத்தார். அந்த ஒரு ஸ்கிரீனில் ஆரம்பித்து இன்று வீட்டு உள் அலங்கார வேலை வரை வந்திருக்கிறார். அந்த அனுபவத்தையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நாற்பதுக்கு மேல் இன்டீரியர் டிசைனுக்கு வரலாமா? நம் ஊர் ஆட்களுக்கு அது ஒத்துவருமா? அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முன்னால் போனவர்கள்

நம் கல்லூரி நூலகத்தில் கட்டடக்கலைப் புத்தகங்களைப் புரட்டும்போது ஒரு பெயர் என்னை நிறுத்தியது. ஜெஃப்ரி பாவா. இலங்கைக்காரர், 1919ல் பிறந்தவர். முதலில் அவர் வக்கீல்! லண்டனில் சட்டம் முடித்து, கொழும்பில் கொஞ்ச காலம் தொழிலும் பார்த்தார். மனசு ஒட்டவில்லை. 1948ல் பெந்தோட்டை அருகே லுணுகங்கா என்ற பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதை அழகான தோட்டமாக மாற்ற முயன்றார். அதற்கு வேண்டிய தொழில்நுட்பம் தன்னிடம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உடனே ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். திரும்ப லண்டன் போய்ப் படித்து, 1957ல், தன் 38வது வயதில் ஆர்க்கிடெக்ட் ஆனார். இலங்கையின் கோட்டே நாடாளுமன்றக் கட்டடம் (1982) அவர் வடிவமைத்தது. நம் மதுரையில் ஒரு கிளப் கட்டடத்தையும் அவர் வடிவமைத்தார். சென்னை கன்னிமாரா ஓட்டலைப் புதுப்பித்த வேலையிலும் அவர் கை உண்டு. 2001ல் ஆகா கான் கட்டடக்கலை விருதில் தலைவரின் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது.

"அவர் வசதியானவர், லண்டன் போனார், நாம் எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு அவரைவிட அவரோடு வேலை செய்த ஏனா டி சில்வாவைத்தான் அதிகம் பிடித்தது. 1922ல் பிறந்தவர். ஒரு போலீஸ் அதிகாரியின் மனைவி. 1960 வாக்கில், நாற்பதை நெருங்கும் வயதில், வீட்டிலேயே பாத்திக் துணி செய்ய ஆரம்பித்தார். பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஓட்டலின் வரவேற்பு அறைக் கூரையில் ஏனாவின் பாத்திக் துணிகள்தான் விரிந்தன. ஜன்னலில் தொங்குகிற துணி கூரைக்குப் போய்விட்டது! பின்னாளில் மாத்தளை பக்கம் அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கும் இடமாக அதை வளர்த்தார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். எல்சி டி வூல்ஃப் என்ற பெண்மணி பல வருடம் நாடக மேடையில் நடித்த பிறகு, 1905ல் நியூயார்க்கின் காலனி கிளப்புக்கு உள் அலங்காரம் செய்யும் வேலையைப் பெற்றார். அந்த நாட்டில் இதை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர்.

இவர்கள் யாரும் பழையதைத் துடைத்துவிட்டு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தோட்டத்தின் மேல் இருந்த ஆசை, கையில் இருந்த துணி வேலை, மேடையில் பழகிய கண் என்று இருந்ததை எடுத்துக்கொண்டே வந்தார்கள். என் அம்மாவிடம் இருந்தது இஞ்ச் டேப்.

முதல் பாடம்: கணக்கு

ஸ்கிரீன் தைப்பது சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கணக்கு சொல்கிறேன். ஜன்னல் அகலம் 5 அடி, அதாவது 60 இஞ்ச். ராடு இரண்டு பக்கமும் 6 இஞ்ச் தள்ளி நிற்க வேண்டும். மொத்தம் 72 இஞ்ச். கொசுவம் அழகாக விழ இரண்டு மடங்கு துணி வேண்டும், 144 இஞ்ச். துணியின் அகலம் 48 இஞ்ச் என்றால் மூன்று துண்டு. உயரம் 7 அடி, அதாவது 84 இஞ்ச். மேல் மடிப்பு, கீழ் மடிப்புக்கு 12 இஞ்ச் சேர்த்தால் 96. மூன்று துண்டுக்கு 288 இஞ்ச். ஏறக்குறைய 7.3 மீட்டர். கடையில் ஏழரை மீட்டர் வாங்கலாம்.

இந்தக் கணக்கை அம்மா வாயிலேயே போடுவார். ஆனாலும் முதல் பெரிய ஆர்டரிலேயே அடி வாங்கினோம். ஒரே மாதிரி இரண்டு ஜன்னல். மீட்டர் 320 ரூபாய் என்று 15 மீட்டர் காட்டன் துணி. தைத்து மாட்டிய அன்று ஜோராக இருந்தது. வீட்டுக்காரம்மா முதல் தடவை துவைத்ததும் 3 இஞ்ச் ஏறிவிட்டது! தரைக்கும் துணிக்கும் நடுவில் இடைவெளி. காட்டன் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்க வேண்டும். கம்பெனியில் அதற்குத் தனி ஆள் இருந்ததால் அம்மாவுக்கு அது நினைவிலேயே இல்லை.

அந்தம்மா கோபப்படவில்லை. பாக்கிப் பணத்தை மட்டும் தரவில்லை. அம்மா, "நான் கம்பெனிக்குத்தான் லாயக்கு" என்று மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டார். மூன்று நாள் அதைத் திறக்கவில்லை. புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு வந்த ஆயிரம் ரூபாயை மூன்று மாதம் சேர்த்து வைத்திருந்தேன். அந்த 3000த்தை எடுத்து வைத்தேன். மீதி 1800ஐ அம்மா சீட்டுப் பணத்திலிருந்து போட்டார். 4800 ரூபாய்க்குப் புதுத் துணி வாங்கி, நனைத்துக் காயவைத்து, திரும்பத் தைத்து, நாங்களே போய் மாட்டிவிட்டு வந்தோம். அந்தம்மா பாக்கியையும் கொடுத்து, பக்கத்து வீட்டையும் காட்டிவிட்டார். அந்த ஒரு வீட்டிலிருந்து இதுவரை ஐந்து வீடு வந்திருக்கிறது.

இரண்டாம் பாடம்: பிளான்

ஸ்கிரீன் மாட்டப் போன இடத்தில், "சோபா எந்தப் பக்கம் போடலாம்? அலமாரி எங்கே வைக்கலாம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு யோசனை இருந்தது. ஆனால் அதைக் காகிதத்தில் காட்டத் தெரியவில்லை. நான் கிராஃப் பேப்பரை விரித்து, ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்று எங்கள் வீட்டையே வரைந்து காட்டினேன். சுவரைக் கோடாகவும் கதவைக் கால் வட்டமாகவும் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, இது வீட்டோட பேப்பர் கட்டிங்தானே!" என்றார்.

ஆமாம், அதுதான் பிளான். பிளவுசுக்குக் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பவருக்கு வீட்டைக் காகிதத்தில் பார்ப்பது கஷ்டமில்லை. இப்போது சோபா, கட்டில், பீரோ எல்லாவற்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டி வைத்திருக்கிறார். பிளான் மேல் நகர்த்திக் காட்டுவார். பார்ப்பவர்களுக்கு உடனே புரிகிறது.

வீட்டு அளவு எடுப்பதில் நாம் வகுப்பில் படித்த சில விஷயங்களையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். சுவருக்குச் சுவர் அலமாரி என்றால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். சின்ன அளவுக்குத்தான் செய்ய வேண்டும். மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம் இல்லாவிட்டால், ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்தால் போதும். தரைக்கு ரசமட்டம், செங்குத்துக்குத் தூக்குக்குண்டு.

மூன்றாம் பாடம்: சாமான்

பிளைவுட் கடையில் ஏமாறுவது சுலபம். சாதாரண பிளைவுட்டுக்கு உரிய இந்தியத் தர எண் ஐ.எஸ். 303. அதிலேயே ஈரம் மட்டும் தாங்கும் எம்.ஆர். ரகம், கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் என்று உண்டு. மெரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே எம்.ஆர். போட்டால் சீக்கிரம் உப்பிவிடும். 8 அடிக்கு 4 அடி ஷீட் என்றால் 32 சதுர அடி. எந்தத் துண்டு எந்த ஷீட்டில் வரும் என்று முன்கூட்டியே வரைந்தால்தான் வீணாகாது. அம்மா இதைத் துணி வெட்டுகிற கண்ணோடு பார்ப்பதால் ஆசாரிக்கே சில சமயம் யோசனை சொல்கிறார்.

சமையல் மேடைக் கல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே கிடைக்கிறது. துணிக்குக் கரூர், ஈரோடு. அவசரத்துக்கு பஸ் ஏறினால் பெங்களூர் சிக்பேட்டை. எல்லையில் இருப்பதில் இன்னொரு லாபம் பாஷை. அம்மாவுக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வரும். இந்தியில் ஆசாரியிடம் அளவு சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார். எங்கேயும் படித்ததில்லை, லைனில் பக்கத்து மெஷின் பெண்களோடு பேசிப் பழகியதுதான்.

வயதுதான் லாபம்

போன மாதம் ஒரு வீட்டில் சமையல் மேடையை 34 இஞ்ச் உயரத்துக்குக் கட்டப் போனார்கள். அம்மா, "இங்க யாருங்க சமைப்பாங்க?" என்று கேட்டார். மாமியார்தான் சமைப்பார் என்றார்கள். அவரோ நாலடி பத்து அங்குலம். அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்து, முழங்கையிலிருந்து 4 இஞ்ச் கீழே அளந்து, மேடையை 32 இஞ்சாகக் குறைக்கச் சொன்னார். கிரைண்டரைத் தூக்கி வைக்காமல் நகர்த்தி எடுக்கத் தாழ்வாகத் தனி இடம், சிலிண்டர் மாற்ற வழி, தோசைக்கல் தொங்க ஆணி என்று அவர் கேட்ட கேள்விகளெல்லாம் இருபது வருடம் சமைத்தவருக்குத்தான் தோன்றும். பதினெட்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. ஏணி ஏறினால் அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது. ராடு மாட்ட ஒரு பையனை வைத்திருக்கிறோம். பொடி எழுத்துக்குக் கண்ணாடி போட்டாயிற்று. மாத வருமானம் ஒரே சீராக இல்லை. பாதி முன்பணம் வாங்காமல் துணி எடுப்பதில்லை என்று இப்போது உறுதியாக இருக்கிறோம்.

சட்டமும் உதவியும்

1972ஆம் வருட ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, ஆர்க்கிடெக்ட் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் "ஆர்க்கிடெக்ட்" என்று போட்டுக்கொள்ளலாம். இன்டீரியர் வேலைக்கு அப்படிப் பதிவு தேவையில்லை. அதற்காகச் சுவரை இடிக்க, பீமைத் தொடத் துணியக் கூடாது. அதற்கு எஞ்சினியர் வேண்டும். சிறுதொழிலாகப் பதிவு செய்ய 2020ல் வந்த உத்யம் பதிவு இலவசம்; யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். தமிழக அரசு 2025ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியபோது தையல், மரவேலை உட்பட 25 தொழில்களைச் சேர்த்தது. 3 லட்சம் வரை கடன், அதில் 50 ஆயிரம் வரை மானியம் என்று அறிவித்தார்கள். குறைந்தபட்ச வயது 35! வயது அதிகம் என்று ஒதுக்காமல் வயதையே தகுதியாகக் கேட்ட திட்டம். இப்போதைய விவரங்களைக் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

நண்பர்களே! நம்மில் பலருடைய அப்பாவோ அம்மாவோ சிப்காட்டில் எங்கோ ஒரு லைனில் நிற்கிறார்கள். வெல்டிங், பெயிண்டிங், தையல், மரவேலை என்று ஏதோ ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்கு இல்லாதது பிளான் படிக்கிற பழக்கமும் எஸ்டிமேட் எழுதுகிற பழக்கமும். அது இரண்டும் நம்மிடம் இருக்கிறது. இந்த லீவில் ஒரு கிராஃப் பேப்பரை வீட்டில் விரித்து, உங்கள் வீட்டையே வரைந்து காட்டுங்கள். அவர்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆகலாம். பரவாயில்லை, நமக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்க அவர்கள் எத்தனை நாள் உட்கார்ந்தார்கள்!

இதை எழுதும்போது அம்மா சூளகிரியில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருக்கிறார். இந்தத் தடவை என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை. "நீ பரீட்சைக்குப் படி, பிளானை நானே போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.