பழைய வயலினுக்குத் தந்தி: சுருதியும் ஊர்க்காற்றும்

வீட்டில் சும்மா கிடந்த பழைய வயலினுக்குத் தந்தி போடலாம் என்று முடிவானதும் எல்லோரும் கேட்பது, எந்தக் கம்பெனித் தந்தி நல்லது என்பதைத்தான். அது எந்தச் சுருதியில் ஒலிக்கப்போகிறது, எந்த ஊர்க்காற்றில் இருக்கப்போகிறது என்பதை அல்லவா முதலில் கேட்க வேண்டும்? கடையில் கிடைக்கும் தந்திகள் மேற்கத்தியச் சுருதிக்கென்று செய்யப்பட்டவை. ஆண் பாடகருக்குப் பக்கவாத்தியமாக ஒன்றரைக் கட்டையில் ஸ-ப-ஸ-ப என்று கூட்டும்போது, மேலிரண்டு தந்திகளும் தமக்குரிய இடத்திலிருந்து எட்டு அரைச்சுரமும் கீழிரண்டும் ஆறு அரைச்சுரமும் இறங்கிவிடுகின்றன. தந்தியின் இழுவை அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கேற்ப மாறுவது. அந்தக் கணக்கில் மேல்தந்திகளில் மிஞ்சுவது ஐந்தில் இரண்டு பங்கு இழுவை, கீழ்த்தந்திகளில் பாதி.

கிழட்டு வயலினுக்கு இது நல்லதுதானே என்று தோன்றும். மேற்கத்தியச் சுருதியில் நான்கு தந்திகளும் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல் இழுக்கும். அதில் ஒரு பங்கை மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள மேல்பலகை குதிரையின் வழியே தாங்குகிறது. சுமை குறைவது பலகைக்கு நிம்மதிதான். ஆனால் வாசிப்பவருக்கு நிம்மதியில்லை. தொளதொளத்த தந்தி வில்லை அழுத்தினாலே சுருதி விலகும், ஜாரு குழம்பும், நாதம் சபையின் கடைசி வரிசைக்குப் போகாது. ஒலிபெருக்கி பரவாத 1920-களில் மைசூர் சௌடையா (1895–1967) ஏழு தந்தி வயலினைக் கொண்டுவந்தது நாதம் போதாத இந்தக் குறைக்காகத்தான். மூன்று தந்திகளுக்குத் துணைத்தந்தி சேர்த்தார். இன்றைய தந்திகளை வைத்துக் கணக்கிட்டால், ஒன்றரைக் கட்டையில் ஏழும் சேர்ந்து இழுப்பது, மேற்கத்தியச் சுருதியில் நான்கு இழுப்பதைவிடக் குறைவு. ஓசூருக்கு அருகே, பெங்களூரில் அவர் பெயரால் வயலின் வடிவிலேயே ஓர் அரங்கம் நிற்கிறது.

ஏழு தந்தி எல்லோருக்கும் ஆகாது. தாழ்ந்த சுருதிக்குத் தடித்த தந்தி போடுவதே எளிய வழி, தடிமன் ஏறினால் இழுவையும் ஏறும். ஆபத்தும் இங்கேதான். அதே வயலினை நாளை வீட்டுப் பெண் ஐந்து கட்டையில் பாட எடுத்துக் கூட்டினால், ஒவ்வொரு தந்தியின் இழுவையும் சரியாக இரு மடங்காகும். பலகை பழையதாக இருந்தால் அந்தச் சோதனை வேண்டாம்; உயர்ந்த சுருதிக்கு மெல்லிய அல்லது நடுத்தரத் தந்தி தனியாக வைத்துக்கொள்வதே முறை. நூறாண்டுக்கு முந்திய வயலின்களில் பெரும்பாலானவை ஆட்டுக்குடல் நரம்புக்காகச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு முழு எஃகைவிட, 1970-ல் வந்த டாமினன்ட் போன்ற செயற்கை இழைத் தந்திகள் இதமானவை. எஃகு நெடுநாள் உழைக்கும், கமகத்துக்குச் சட்டென்று பதில் சொல்லும் என்பார்கள். உண்மைதான், முதல் தந்தி பலருக்கும் எஃகுதான். மற்ற மூன்றுக்கும் அதே வாதம் பொருந்தாது. விலை அதிகம் என்பது அடுத்த ஆட்சேபம். மேல்பலகை பிளந்தால், கைதேர்ந்தவரைத் தேடிப் பெரும்பாலும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் போய் ஆகும் செலவில் பல செட் தந்தி வாங்கலாம். (உள்ளே 'ஸ்ட்ராடிவாரியஸ்' என்று சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்; ஜெர்மன் பட்டறைகள் அந்தச் சீட்டை ஆயிரக்கணக்கில் ஒட்டி அனுப்பின.)

காற்று இந்த ஓசூர்ப் பகுதியில் கூடுதல் கவனம் கேட்கிறது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட நன்றாகத் தாழ்ந்தது, வெக்கையும் கூடுதல். தொழிற்சாலை வேலைக்காகக் காவிரிக்கரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த குடும்பங்களோடு வந்த வயலின்கள் ஈரக்காற்றுக்குப் பழகியவை. மாசி, பங்குனியில் இங்கே காற்று வறளும்போது மரம் இழையின் குறுக்கே சுருங்குகிறது, பிருடைகள் வழுக்குகின்றன. மழைக்காலத்தில் அதே பிருடைகள் இறுகி நகர மறுக்கின்றன. ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலில் வைப்பது போன்ற சிறு ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, 40 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகவே கழற்ற வேண்டும். நான்கையும் ஒன்றாகத் தளர்த்தினால் குதிரை சாயும், உள்ளே ஒட்டாமல் நிற்கும் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடக்கூடும். பிருடை முறுக்க முறுக்கக் குதிரையின் தலை விரற்பலகைப் பக்கம் இழுபடுவதால், அதை அவ்வப்போது நிமிர்த்தி வைக்க வேண்டும். ஓரம் விட்டுப்போனால் வீட்டிலிருக்கும் பசையை ஊற்றக் கூடாது. தோல்பசையால் ஒட்டிய மூட்டு, மரம் சுருங்கும்போது பலகை பிளக்காமல் தானே விட்டுக்கொடுக்கும்படி அமைந்தது. நவீனப் பசை விட்டுக்கொடுக்காது, அடுத்த வறட்சியில் பலகைதான் பிளக்கும்.